‘முஸ்லிம் நேசன்’: கண்டியிலிருந்து வந்த ஓர் ஏடு





ஒரு சிறிய சமூகம் தனக்கென ஓர் ஏட்டை நடத்துவதால் என்ன விளைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு, 1882ஆம் ஆண்டின் இறுதியில் கண்டியில் தொடங்கிய ‘முஸ்லிம் நேச’னை நாம் காட்டலாம். அதைத் தொடங்கியவர் அறிஞர் சித்தி லெப்பை. 1838இல் அதே ஊரில் பிறந்தவர். வழக்கறிஞராக நன்கு சம்பாதித்துக் கொண்டிருந்தவர். அந்த வருவாயை நம்பி அவர் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம்.

அன்றைய இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளின் கையில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848லேயே சைவப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி கண்டார். ஒல்காட் 1880இல் வந்த பிறகு பௌத்தர்களும் தமக்கெனப் பள்ளிகளை எழுப்பத் தொடங்கினர். முஸ்லிம்களோ பிள்ளைகளின் ஈமானுக்கு அஞ்சி அவர்களை வீட்டிலும் கடையிலும் இருத்திக் கொண்டனர். ஆங்கிலமும் படியுங்கள், மார்க்கத்தையும் விடாதீர்கள், பெண் மக்களையும் படிக்க வையுங்கள் என்று சித்தி லெப்பை எழுதினார். அவருக்குக் கிடைத்தது கடும் எதிர்ப்பு.

இங்கே நாம் சற்று நின்று நம்மையே பார்த்துக் கொள்ள வேண்டியிருக்கிறது. எதிர்த்தவர்களில் மார்க்கக் கல்வி புகட்டியவர்களும் இருந்தனர். நாம் அமர்ந்திருக்கும் இதே பாயில் அமர்ந்திருந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய அச்சம் பொய்யானதன்று; மதமாற்றம் அன்று கண்ணெதிரே நடந்த ஒன்று. ஆனால் அஞ்சியவர்கள் மாற்றுப் பள்ளி எதையும் கட்டவில்லை. சித்தி லெப்பை கட்டினார்.

அதற்கு அவருக்குக் கிடைத்த துணையும் வியப்பிற்குரியது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா, 1883 ஜனவரியில் தம் தோழர்களுடன் கொழும்புக்கு நாடு கடத்தப்பட்டார். அல்லாஹ்வின் ஏற்பாடு என்றே நாம் சொல்வோம். நேசன் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஒராபி பாஷாவின் ஊக்கமும் வாப்பிச்சி மரிக்காரின் உழைப்பும் சேர, 1892இல் கொழும்பு மருதானையில் ஒரு மதரஸா தோன்றியது. பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது அந்த வித்துதான்.

அக்காலத்தில் நம் மார்க்க நூல்கள் பல அரபுத்தமிழ் எழுத்தில் வந்தன. வீட்டுப் பெண்கள் அதில்தான் ஓதினர். நேசனோ தமிழ் எழுத்தில் வந்தது. ஆகவே அண்டை வீட்டுத் தமிழரும் அதைப் படிக்க முடிந்தது. நம் வழக்கைப் பிறர் காதுக்கும் எட்டச் செய்வதற்கு அதுவே நல்ல வழி என்பது எங்கள் கருத்து. 1885இல் வெளிவந்த ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலும் அவர் எழுதியதே. தமிழின் தொடக்ககால நாவல்களில் அது ஒன்று.

கடல் கடந்தும் இதே முயற்சி நடந்தது. சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். அங்கிருந்த தமிழர் தொகை சிறிது. அதிலும் படிக்கத் தெரிந்தவர் சிலர். இதழ் 1890 வரைதான் நீடித்தது. ஆயினும் அதன் பிரதிகளை நூலகம் ஒன்று காத்து வைத்ததால், அன்றைய கடைக்காரரும் கப்பல்காரரும் எதைப் பேசினர் என்பதை இன்றும் நாம் அறிய முடிகிறது. அதில் வந்த ‘விநோத சம்பாஷணை’ என்ற உரையாடலைச் சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கமாகக் கருதுவோரும் உண்டு. மூன்று ஆண்டு வாழ்ந்த ஒரு வார இதழுக்கு இது பெரிய பேறு.

எங்கள் மஹல்லாவின் கதை வேறு. பள்ளிவாசல் மாடியில் பழைய மாத இதழ்கள் மூன்று பெட்டி இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளையடித்தபோது அவை பழைய தாள் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. போட்டவர்களைக் குறை கூற எங்களுக்கு வாயில்லை. அந்த மாடியில் பத்தாண்டு பாடம் நடத்திய நாங்களே ஒரு பெட்டியையும் திறந்து பார்த்ததில்லை. இப்போது ஜும்ஆவுக்குப் பின் வீடு வீடாகக் கேட்டு வருகிறோம். இதுவரை பதினோரு இதழ்கள் கிடைத்துள்ளன. அவற்றில் நான்கிற்கு அட்டை இல்லை.