பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தண்டவாளங்கள்

ஒற்றைத் தண்டவாளத்தில் பிரயாணம் செய்தவர்களுக்கு அந்த அலுப்புத் தெரியும். எதிரே வருகிற வண்டி கடந்து போகும்வரை ஏதோவொரு சின்ன ஸ்டேசனில் காத்துக் கிடக்க வேணும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலும் ஒருகாலம் இதே கதைதான். ஆனால் அங்கே ஒரு விசித்திரம். ஹம்போல்ட் ஆற்றை ஒட்டி இரண்டு ஒற்றைப் பாதைகள் கிடந்தன. ஒன்று 1869 இல் இருந்தே ஓடுகிற பழைய பாதை, பின்னர் சதேர்ண் பசிபிக் கொம்பனியின் கைக்கு வந்தது. மற்றது அதனோடு போட்டிக்கு 1909 இல் கட்டி முடித்த வெஸ்ரேர்ண் பசிபிக்கின் பாதை. ஒருவருடைய வண்டி ஒதுங்கி நிற்கும். சில இடங்களில் கூப்பிடு தூரத்தில் மற்றவரின் தண்டவாளம் சும்மா கிடக்கும். கேட்டால், தொழிற்போட்டி!

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதலாம் உலக யுத்தத்தில் இறங்கியது. சாமான் எல்லாம் கிழக்குத் துறைமுகங்களை நோக்கி ஓடியது. அங்கே ஏற்றக் கப்பல் போதவில்லை, இறக்க இடமில்லை. சரக்குப் பெட்டிகளே களஞ்சியமாகித் தண்டவாளத்தில் நின்றன. மேற்கே பெட்டிக்குத் தட்டுப்பாடு, குளிர்காலத்தில் நகரங்களில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு. கொம்பனிகள் தாமாகவே ஒரு யுத்த சபை அமைத்துப் பார்த்தன. சரிவரவில்லை. அவை கூட்டுச் சேர்வதைச் சட்டமும் தடுத்தது.

டிசெம்பர் 28 நண்பகலோடு ஜனாதிபதி வில்சன் றெயில்பாதைகளை அரசாங்கக் கட்டுப்பாட்டில் எடுத்தார். பொறுப்பு நிதியமைச்சர் மக்காடூவிடம் போனது. அவர் வில்சனின் மருமகன் என்பதையும் சொல்லத்தான் வேணும். ஆனாலும் மனுசன் வேலை செய்தார். கொம்பனிகளுக்கு முன்னைய மூன்று வருட சராசரி வருமானத்தைப் பார்த்து வாடகை. வண்டி எந்தப் பாதையில் ஓடுவது என்பதை இனி அரசாங்கமே தீர்மானிக்கும்.

நெவாடாவில் செய்தது மிகச் சுலபமான காரியம். மேற்கே போகிற வண்டிகள், யாருடையதானாலும், சதேர்ண் பசிபிக் பாதையில் போகட்டும். கிழக்கே போகிறவை மற்றதில். புதிதாக ஒரு தண்டவாளமும் போடாமல் இரட்டைப் பாதை வந்துவிட்டது! எதிர் வண்டியே இல்லை, பிறகு எதற்குக் காத்திருப்பு? கொலராடோவில் டென்வருக்கும் புவெப்லோவுக்கும் இடையிலும் 1918 இல் சாந்தா ஃபே, ரியோ கிராண்டே பாதைகளை இப்படித்தான் இணைத்தார்கள். நியூயோர்க்கில் பென்சில்வேனியா கொம்பனியின் பெரிய ஸ்டேசனுக்குள் அதன் பரம எதிரியான பால்ரிமோர் அன்ட் ஒஹாயோவின் வண்டிகள் நுழைந்தன.

1920 மார்ச் 1 ஆம் திகதி பாதைகள் திரும்பச் சொந்தக்காரரிடம் போயின. 1926 இல் பால்ரிமோர் வண்டிகளைப் பென்சில்வேனியாக்காரர் வெளியே அனுப்பிவிட்டார்கள். நெவாடாக்காரரும் யுத்தம் முடிந்ததும் பிரிந்து தங்கள் தங்கள் பாதையில் ஓடினார்கள். ஆனால் கணக்குப் புத்தகம் ரோசம் பார்க்காதே. 1924 இல் இருவரும் தாமாகவே உட்கார்ந்து பேசி, வின்னமக்காவுக்கும் வெல்ஸுக்கும் இடையில் பழைய ஏற்பாட்டுக்கே வந்தார்கள்.

பின்னாளில் இரண்டு கொம்பனிகளும், ஒன்று 1982 இலும் மற்றது 1996 இலும், யூனியன் பசிபிக்குக்குள் போய்விட்டன. ஏற்பாடு மட்டும் போகவில்லை. எல்கோ என்ற ஊரில் றெயில் பிடிக்க நிற்பவர், கிழக்கே போவதானால் ஒரு மேடை, மேற்கே போவதானால் வேறொரு மேடை தேட வேணும்.