புற்றுநோய் மருந்துகளால் நேரும் ஹிருதய பாதிப்பு

புற்றுநோயை ஒழிக்கும்பொருட்டுச் செலுத்தப்படும் மருந்துகளுட் சில, அந்நோய் நீங்கி ரோகி வீடு திரும்பிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஹிருதயத் தசையை நலிவுறச் செய்வதுண்டு. இவற்றுள் முதன்மையானது, மார்பகப் புற்றுக்கும் ரத்தப் புற்றுக்கும் பெரிதும் பயன்படும் டாக்சோரூபிசின் என்னும் செந்நிற மருந்து. இத்தாலிய மண்ணிற் கண்ட நுண்ணுயிரின் வழியாக 1960களில் பெறப்பட்ட இது, ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் ஏட்ரியாமைசின் எனவும் வழங்கலாயிற்று.

இதன் தீங்கு, வாழ்நாளில் ஏறிய மொத்த அளவைப் பொறுத்தது. உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு ஐவர் அளவிலும், 550ஐ எட்டியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவரும், 700ஐ எட்டியவர்களில் பாதிப்பேரும் ஹிருதயம் தளர்ந்தனர் என்று 2003இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அழிந்த ஹிருதய அணுக்கள் மீண்டும் பெருகுவது மிக அரிதாதலின் இழப்பு நிலைத்துவிடுகிறது. மற்றொரு புற்று மருந்தாகிய டிராஸ்டுசுமாபினால் வரும் தளர்ச்சியோ, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஃபுளூரோயுராசில் என்னும் வேறொரு புற்று மருந்து ஹிருதய ரத்தக்குழாயைச் சுருக்கி, மருந்து ஏறும்போதே நெஞ்சுவலியை எழுப்பும்.

டாக்சோரூபிசின் வகையால் வரும் தளர்ச்சிக்குரிய சிகிச்சையில் காலமே பிரதானம். மிலான் நகர வைத்தியர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஹிருதய பாதிப்புற்றவர்களுள், கீமோ முடிந்து இரண்டு மாதத்துக்குள் எனலாப்ரில், கார்வெடிலால் முதலிய ஹிருதய மருந்துகள் தொடங்கப்பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் முற்றும் தேறினர். ஆறு மாதம் கடந்து தொடங்கியவர்களில் முற்றும் தேறியவர் ஒருவருமிலர். ஆகவே புற்று மருந்து தொடங்குமுன்னும் இடையிலும் எக்கோ என்னும் ஹிருதய ஒலியலைப் படம் எடுப்பது விதியாயிற்று. டாக்சோரூபிசினின் மொத்த அளவு மிகவேண்டியவர்க்கு டெக்ஸ்ராசாக்சேன் காப்பாகத் தரப்படுகிறது.

கடலூர், சிதம்பரம் பகுதியினர் பலர் புதுச்சேரி ஜிப்மருக்கோ, முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ செல்கின்றனர். சில ஆண்டுகளுக்குப் பின் ஹிருதயம் தளர்ந்து, கால் வீங்கி, இரவில் மூச்சுத் திணறி அவர்களுட் சிலர் நாடுவதோ, ராஜா முத்தையா பெயரால் 1985இல் தோன்றி, பெயரளவில் கடலூருக்குரியதாயினும் அண்ணாமலை நகரிலேயே இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை. அங்குள்ள வைத்தியருக்குப் பழைய மருந்தின் பெயரும் மொத்த அளவும் எழுதிய சீட்டு கைக்குக் கிட்டாவிடில், இத்திணறல் ஆஸ்துமாவாகவோ முதுமைத் தளர்ச்சியாகவோ கொள்ளப்பட்டு நாள் கடந்துவிடக்கூடும். எக்கோ கருவியினும் அச்சீட்டே பெரிய உபகாரி என்பது மிகையாகாது. சிறுவயதில் டாக்சோரூபிசின் பெற்ற பெண்கள் கருவுறும்போது அச்சீட்டைப் பிரசவ வைத்தியரிடமும் காட்டி, எக்கோ எடுத்துக்கொள்ள வேண்டும்.