ஒரே படம், இரண்டு கம்ப்யூட்டர்: எச்டிஆர் புகைப்படத்துக்கு மேக்கா, விண்டோஸா?

மும்பை தாராவியில், குயவர்கள் வாழும் கும்பார்வாடா சந்துகளில் நண்பகலில் படம் எடுப்பது கேமராவுக்குக் கடுமையான சோதனை. மேலே இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு முழம் வானம், கண் கூசும் வெள்ளை. கீழே திண்ணை நிழலில் காயப்போட்ட அகல் விளக்குகள். ஒவ்வொன்றின் மூக்கிலும் விரலால் கிள்ளிய தடம். இன்றைய நல்ல போன்கள் இரண்டையும் பிடித்துவிடுகின்றன. போன் திரையில் வானம் நிஜமாகவே ஒளிர்கிறது, விரல் தடமும் தெரிகிறது. அதே கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்தால் வானம் வெறும் காகித வெள்ளையாகிவிடுகிறது. பலரும் படத்தைக் குறை சொல்கிறார்கள். குறை படத்தில் இல்லை.

இங்கே நான் சொல்வது பழைய எச்டிஆர் அல்ல. மூன்று எக்ஸ்போஷர்களை ஒன்றாக்கிச் சாதாரணத் திரைக்குள் அமுக்கும் அந்த முறைக்குத் தனித் திரை தேவையில்லை. இப்போதைய எச்டிஆர் கோப்பில் சாதாரணப் படம் ஒன்றும், எந்த இடம் எத்தனை மடங்கு கூடுதலாக ஒளிர வேண்டும் என்ற வரைபடம் ஒன்றும் சேர்ந்திருக்கும். அந்த வரைபடத்துக்குப் பெயர் கெய்ன் மேப். 2020 முதல் ஐபோனிலும், 2023இல் ஆண்ட்ராய்டு 14 கொண்டுவந்த அல்ட்ரா எச்டிஆரிலும் இருப்பது இதுதான். 2025இல் ஐஎஸ்ஓ தரமாகவும் வெளிவந்துவிட்டது. கம்ப்யூட்டர் சரியாக அமையாவிட்டால் சாதாரணப் படம் மட்டுமே கண்ணுக்கு வரும்.

முதலில் மேக். 2021இல் தொடங்கிய 14, 16 அங்குல மேக்புக் ப்ரோக்களில் எதையும் ‘ஆன்’ செய்ய வேண்டியதில்லை. எச்டிஆர் படம் திறந்த இடம் மட்டும் ஒளிரும், சுற்றியுள்ள ஜன்னல்கள் அப்படியே இருக்கும். திரையின் உச்ச ஒளி 1600 நிட் (நிட் என்பது திரை ஒளியை அளக்கும் அலகு). டிஸ்ப்ளே செட்டிங்கில் ப்ரீசெட் ‘ஆப்பிள் எக்ஸ்டிஆர் டிஸ்ப்ளே’ என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ட்ரூ டோன், நைட் ஷிப்ட், தானாகக் கூடிக் குறையும் பிரைட்னஸ் மூன்றையும் அணைத்தால் போதும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மேக்காரர்களும் தவறுகிறார்கள். படம் நன்றாக ஒளிரட்டும் என்று பிரைட்னஸைக் கடைசிவரை ஏற்றுகிறார்கள். சாதாரண வெள்ளை 500 நிட்டில் நின்றால், 1600 என்பது அதைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு ஒளி; இது இரண்டு ஸ்டாப்கூட இல்லை. வெள்ளையை 100 நிட்டுக்கு இறக்கினால் 16 மடங்கு, அதாவது நான்கு ஸ்டாப் கிடைக்கும். பிரகாசத்தைக் குறைத்தால்தான் ஜொலிப்பு கூடும். செம்பூரில் ஜன்னலோர மேஜையில், மதிய வெயிலில் 100 நிட் திரையைப் பார்ப்பது நடவாத காரியம். திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், அல்லது பொழுது சாய்ந்தபின் உட்காருங்கள். இது விண்டோஸுக்கும் பொருந்தும்.

விண்டோஸ் 11இல் வேலை அதிகம். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, எச்டிஆர் என்று போய் ‘யூஸ் எச்டிஆர்’ பொத்தானைப் போட வேண்டும். வெளி மானிட்டர் என்றால் அதன் சொந்த மெனுவிலும் எச்டிஆர் இயங்க வேண்டும், கேபிளும் அதைத் தாங்க வேண்டும். போட்டவுடன் டெஸ்க்டாப் சோகை பிடித்த மாதிரி வெளிறுவதுண்டு. பெரும்பாலானோர் பயந்து திரும்ப அணைப்பது இந்தக் கட்டத்தில்தான். அணைக்காதீர்கள். கீழே உள்ள ‘எஸ்டிஆர் கன்டென்ட் பிரைட்னஸ்’ பட்டையை நகர்த்திச் சாதாரண வெள்ளையைக் கண்ணுக்கு இதமான அளவில் நிறுத்துங்கள். பிறகு மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் ‘விண்டோஸ் எச்டிஆர் காலிப்ரேஷன்’ செயலியை ஓட்டுங்கள். சாதாரண முறையில் எடுத்து வைத்த பழைய கலர் ப்ரொஃபைலை இதோடு சேர்க்க வேண்டாம். லேப்டாப் பேட்டரியில் ஓடினால் எச்டிஆர் தானாக அணையலாம். அதற்கான தேர்வும் அதே பக்கத்தில் இருக்கிறது.

எதில் திறப்பது? இரண்டு கம்ப்யூட்டரிலும் பதில் ஒன்றுதான்: அல்ட்ரா எச்டிஆர் படத்தைப் பார்க்கக் குரோம் (ஐபோனின் எச்இஐசி கோப்பு அதில் திறக்காது), திருத்த லைட்ரூம். 2023 அக்டோபர் முதல் லைட்ரூமில் எச்டிஆர் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தியதும் ஹிஸ்டோகிராம் வலப்பக்கம் நீளும். உங்கள் திரையால் காட்ட முடிந்த பகுதி மஞ்சள், முடியாதது சிவப்பு. அமைப்பு சரிதானா என்று அறிய இதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

அமைப்பைவிடப் பெரிய வித்தியாசம் திரையில் இருக்கிறது. மேக்புக் ப்ரோ வாங்கினால் திரை பற்றிய கவலை முடிந்தது. விண்டோஸில் அட்டைப்பெட்டி முத்திரையைப் படிக்கத் தெரிய வேண்டும். ‘டிஸ்ப்ளே எச்டிஆர் 400’ என்றால் உச்சம் 400 நிட். சாதாரண வெள்ளையை 200இல் வைத்தால் மிஞ்சுவது ஒரே ஒரு ஸ்டாப். மாட்டுங்கா மண்டபத்தில் எடுத்த முகூர்த்தப் படத்தை அதில் போட்டுப் பாருங்கள்: ஹோமத் தீயும் கூரைப்புடவை ஜரிகையும் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான், மணப்பெண்ணின் கருங்கூந்தல் சாம்பலாகும். ‘ட்ரூ பிளாக்’ என்று சேர்த்துப் போட்ட ஓலெட் திரையில் கருமை 0.0005 நிட் வரை இறங்க வேண்டும் என்பது விதி. உச்ச ஒளி அதே 400 ஆனாலும், கருங்கூந்தல் கருப்பாக நிற்பதால் தீ தீயாகத் தெரியும்.

என் தீர்ப்பு இது. படம்தான் பிழைப்பு என்றால் மேக்புக் ப்ரோ. விண்டோஸில் பழகிய கை என்றால் ஓலெட் திரை லேப்டாப் வாங்கி, ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு மேலே சொன்னபடி அமைத்துக்கொள்ளுங்கள். வெறும் ‘400’ முத்திரையை நம்பி எச்டிஆர் படத்துக்காக எல்சிடி மானிட்டர் வாங்காதீர்கள். லாமிங்டன் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போகும்போது நீங்களே எடுத்த அல்ட்ரா எச்டிஆர் படம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பிய பிரதி வேண்டாம், போனிலிருந்து நேராக எடுத்த மூலக் கோப்பு. கடையில் அதைக் குரோமில் திறக்கச் சொல்லி, கண்ணால் பார்த்தபின் பணம் கொடுங்கள்.