ரங்கூன் பணமும் என் 38,000 ரூபாயும்

த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1/ போன மாசம் ஒரு நைட் டூட்டி. மணி ரெண்டு இருக்கும். நெஞ்சு படபடப்புன்னு ஒரு தம்பியைக் கூட்டிட்டு வந்தாங்க. ஈசிஜி நார்மல். மூணு நாளாத் தூக்கம் இல்லை. அம்மா வெளியே போனதும் மெதுவாச் சொன்னார்: "சார், கிரிப்டோல மூணு லட்சம் போச்சு. இருபதாயிரம் மிச்சம் இருக்கு. அதை வெச்சு விட்டதைப் பிடிச்சிடலாமா?" (அடையாளங்களை மாத்தியிருக்கேன்.)

2/ அந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்லை. 2021 நவம்பர்ல பிட்காயின் 69,000 டாலர் வரை போனப்போ நானும் உள்ளே போனேன். போட்டது 4,20,000 ரூபாய். அதில் பாதி, வீட்டம்மா நகையை அடகு வெச்ச பணம். 2022 மே மாசம் லூனா சில நாள்ல சைபருக்குப் பக்கத்துல போச்சு. நவம்பர்ல பிட்காயினே 16,000 டாலர் பக்கம் கிடந்தது. என் கணக்கில் மிச்சம் 38,000.

3/ இந்த 38,000-ஐ எப்படிப் பெருக்குறதுன்னு ராத்திரி ராத்திரியா வீடியோ பார்த்தேன். எனக்குப் பதில் கிடைச்சது நம்ம மாவட்டத்துலயே, திருமயம் தாலுகாவில்.

4/ கோனாபட்டு, ராயவரம், கடியாபட்டி பக்கம் போயிருக்கீங்களா? தெருவுக்குத் தெரு அரண்மனை மாதிரி வீடுகள். பல வீட்டில் பூட்டு தொங்கும். தூண்கள் பர்மா தேக்கு. வீடு கட்டின பணத்திலும் பெரும்பங்கு பர்மா, மலேயா, இலங்கையில் சம்பாதிச்சது.

5/ 1852 போருக்குப் பிறகு கீழ் பர்மா முழுக்க பிரிட்டிஷ்காரர் கைக்கு வந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அரிசிக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி. ஐராவதி டெல்டாவில் காட்டை வெட்டி வயலாக்க விவசாயிக்குப் பணம் வேணும். ஐரோப்பிய வங்கிகள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. நிலத்தை ஈடா வாங்கிக் கடன் கொடுத்தவங்க நகரத்தார். 1930 வாக்கில் பர்மாவில் அவங்க போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அங்கிருந்த வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அன்றைய 75 கோடி!

6/ அத்தனையும் சொந்த முதல் கிடையாது. சொந்தபந்தங்கள் போட்ட டெபாசிட்டும் வங்கிகளிடம் வாங்கின கடனும் அதில் உண்டு. ஈடு நிலம். நிலத்துக்கு மதிப்பு நெல் விலையால. ஆக மொத்தக் கட்டடமும் நெல் விலைங்கிற ஒத்தைத் தூண் மேல நின்னது. கூடவே கடன். இன்னைக்கு டிரேடிங் ஆப்பில் இதுக்குப் பேர் லெவரேஜ்.

7/ 1930-ல் உலகப் பெருமந்தம். நெல் விலை ஏறக்குறையப் பாதியாச் சரிஞ்சது. டிசம்பரில் சயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. வட்டிகூட வரலை. பணத்துக்குப் பதிலா நிலம் வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6%. சில வருஷத்தில், 1937-38 வாக்கில், அது 25%.

8/ ஏட்டில் பார்த்தா சொத்து பெருகின மாதிரி இருக்கும். உண்மையில் விற்க முடியாத சொத்து. அந்தப் பக்கம் பர்மிய விவசாயி உழுத நிலத்தையே பறிகொடுத்து நின்னார். நம்ம ஊர் நஷ்டத்தைப் பேசும்போது அவரை மறந்துடக் கூடாது. அந்தக் கோபம்தான் பின்னாடி சட்டமா வந்தது.

9/ இங்கேதான் பாதை ரெண்டாப் பிரிஞ்சது. "விலை திரும்பும், விட்ட இடத்துலயே பிடிச்சுடலாம்"னு காத்திருந்தவங்க ஒரு பக்கம். மிச்சத்தை எடுத்து வேற வேலையில் போட்டவங்க இன்னொரு பக்கம். 1900-ல் மௌல்மீனில் வட்டித் தொழில் தொடங்கின முருகப்பா குடும்பம் 1930களில் முதலை இந்தியாவுக்கு நகர்த்தியது. 1949-ல் சைக்கிள் கம்பெனி தொடங்கினாங்க. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஆரம்பிச்சார். காரைக்குடி, சென்னை, ரங்கூன்னு மூணு ஊரில் ஒரே நாளில் கிளை.

10/ காத்திருந்தவங்க கதை? 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் வசம். லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊரை விட்டுக் கிளம்பினாங்க. கப்பல் கிடைக்காதவங்க அரக்கான், மணிப்பூர் மலைப்பாதையில் நடந்தாங்க. வழியிலேயே செத்தவங்க ஆயிரக்கணக்கில். 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் போட்டது. 1964 மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க.

11/ "அவங்க பெரிய முதலாளிகள் சார், நம்ம கதை வேற"ம்பீங்க. சரி. பிரஷர் மாத்திரை வாங்க ஓபிக்கு வரும் ஒரு ஆச்சி சொன்னதைக் கேளுங்க: "எங்க அப்பச்சி ரங்கூன்ல ஏஜென்டா இருந்தாக, தம்பி. வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி நெறைய பத்திரம். பர்மாக்காரன் தருவான், தருவான்னு சாகுற மட்டும் அதைத் துடைச்சு வச்சுக்கிட்டே இருந்தாக. அவுக தம்பி ஒரு மளிகைக் கடைக்குக் கணக்கெழுதப் போனாக. எங்க நாலு பேரு கல்யாணமும் அந்தச் சம்பளத்துலதான்."

12/ சித்தப்பா கையில் மிஞ்சினது பணம் இல்லை, கணக்கெழுதும் கை. அன்னைக்கு ராத்திரி என் டிரங்குப் பெட்டியை நானும் திறந்து பார்த்தேன். அதாவது, ஆப்பை.

13/ கணக்கு ரொம்பக் கொடூரமானது. 50% போனா, பழைய இடத்துக்கு வர 100% லாபம் வேணும். 90% போனா 900%. என் 38,000 மறுபடி 4,20,000 ஆக 11 மடங்கு பெருகணும்.

14/ அது வரிக்கு முன்னாடி. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, செஸ் சேர்த்து 31.2%. பழைய நஷ்டத்தை இதில் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆக நான் விட்ட 3,82,000-ஐ மீட்க, சுமார் 5,55,000 லாபம் பார்க்கணும். கையில் இருக்கிற பணத்தைப் போல 14 மடங்குக்கு மேல. நடுவில் ஒரு டிரேடு தோத்தாலும் அந்த நஷ்டத்தை வரிக்கணக்கு கண்டுக்காது.

15/ இவ்வளவு வேகமாப் பெருக்கணும்னா லெவரேஜ்தான் வழின்னு தோணும். 20 மடங்கு லெவரேஜ்ல விலை 5% எதிர்த்திசையில் அசைஞ்சாலே போட்ட பணம் காலி. பிட்காயின் ஒரே நாளில் 5% அசையுறது அதிசயமே இல்லை. நாங்க ரத்தப்போக்கோட வர்றவருக்கு முதல்ல ரத்தப்போக்கை நிறுத்தப் பார்ப்போம். ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்ப மாட்டோம்.

16/ நான் செஞ்சது இவ்வளவுதான். 38,000-ஐ வெளியே எடுத்து நகைக் கடனில் கட்டினேன். வீட்டில் உண்மையைச் சொன்னேன். ரெண்டு நாள் பேச்சு இல்லை, அது நியாயம். மிச்சக் கடனைச் சம்பளத்தில் கட்டி, கடைசி வளையலை மீட்க 26 மாசம் ஆச்சு. இதில் வீடியோ போடுற அளவுக்கு ஒண்ணும் இல்லை.

17/ அதுக்கப்புறம் பிட்காயின் ஏறலையா? ஏறுச்சு. 2024 டிசம்பர்ல ஒரு லட்சம் டாலரைத் தாண்டுச்சு. வயிறு எரிஞ்சதா? எரிஞ்சது. ஆனா லூனா வாங்கினவங்களுக்கு அந்த ஏற்றத்தால ஒரு பிரயோஜனமும் இல்லை. நெல் விலையும் பின்னாடி ஏறத்தான் செஞ்சது. அப்போ வயல் யார் கையில் இருந்தது?

18/ நகரத்தார் கணக்கில் ஐந்தொகைன்னு ஒண்ணு உண்டு. இருப்பு எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவுன்னு ஒரே இடத்தில் பார்க்கிறது. அன்னைக்கு ராத்திரி ஓபி சீட்டுக்குப் பின்னாடி அந்தத் தம்பியை எழுதச் சொன்னேன். இருப்பு 20,000 எழுதினார். ரொம்ப நேரம் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுதினார்: லோன் ஆப் கடன் 64,000.

19/ "சார், அப்போ என்கிட்ட இருபதாயிரம் இல்லையா?"

இல்லை தம்பி. மைனஸ் 44,000. பெருக்க வேண்டியது எதுவும் இல்லை, அடைக்க வேண்டியதுதான் இருக்கு. அம்மாவை உள்ளே கூப்பிடட்டுமான்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டுத் தலையாட்டினார்.

20/ இதைப் படிக்கிறவங்கள்ல யாராவது அதே நிலைமையில் இருந்தா: முதல்ல ஐந்தொகை எழுதுங்க. வீட்டில் ஒருத்தர்கிட்டயாவது காட்டுங்க. தப்பான எண்ணம் வந்தா 104 அல்லது 14416-க்குக் கூப்பிடுங்க, இல்லைன்னா பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க. எந்த நேரமா இருந்தாலும் டூட்டியில் ஒருத்தர் இருப்போம்.


புதுக்கோட்டையிலிருந்து ஓர் அரசு மருத்துவர்