சிங்கப்பூர் லிட்டில் இந்தியா

லிட்டில் இந்தியா என்பது சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் அதன் கிளைத் தெருக்களும் அடங்கிய வட்டாரம். பிழைக்கப் போன தமிழர்களும் பிற இந்தியர்களும் வளர்த்த இந்தக் கடைவீதி 1980களுக்குப் பின் சுற்றுலாத் தலமானது. அங்குள்ள தமிழர்கள் இன்றும் ‘தேக்கா’ என்றே சொல்கிறார்கள். லிட்டில் இந்தியா சுற்றுலாத் துறை பரப்பிய பெயர்.

இந்தியர்கள் முதலில் குடியேறிய இடம் இதுவல்ல. 1822இன் நகரத் திட்டம் அவர்களுக்குச் சிங்கப்பூர் ஆற்றோரம் ‘சூலியா கம்பம்’ என்ற பகுதியை ஒதுக்கியிருந்தது. சிராங்கூன் பக்கம் ஆட்களை இழுத்தவற்றில் முக்கியமானது மாட்டு வணிகம். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் தண்ணீருக்கும் புல்லுக்கும் குறைவில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் பெலிலியோஸ் இத்தொழிலில் பேர்பெற்றவர். மாட்டோடு வந்தவர்களைத் தொடர்ந்து மளிகைக்கடைகளும் கோயில்களும் வந்தன. சீனிவாசப் பெருமாள் கோயில் 1855இல் எழுந்தது. தொழுவங்கள் மறைந்தும் தெருப்பெயர்கள் மறையவில்லை. பஃபலோ சாலைக்கு அடுத்த தெரு கெர்பாவ் சாலை. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான்.

தேக்கா என்ற பெயரோ, சிறுமூங்கில்களின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சீனத் தொடரிலிருந்து வந்தது. பயணிகள் நின்று படமெடுக்கும் பலவண்ண வீடும் சீன மிட்டாய் வணிகர் டான் டெங் நியா 1900இல் கட்டியது. முழுக்க இந்தியருக்கே உரிய வட்டாரம் என்ற தோற்றம் ‘லிட்டில் இந்தியா’ என்ற பெயர்ப்பலகையோடு சேர்ந்து வந்தது என்பதே சரி.

1983இல் சிங்கப்பூருக்கு வந்த பயணிகளின் எண்ணிக்கை சரிந்தது. அடுக்குமாடிகளுக்காகப் பழைய தெருக்களை இடித்ததில் ஊரின் ஈர்ப்பே போய்விட்டது என்று அரசுக் குழு கண்டது. 1986இல் 100 கோடி சிங்கப்பூர் வெள்ளியில் சுற்றுலா மேம்பாட்டுத் திட்டம் வந்தது. 1989 ஜூலை 7 அன்று சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகியவற்றோடு லிட்டில் இந்தியாவும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகளின் முகப்புகளும் அவற்றின் ஐந்தடி நடைபாதைகளும் தப்பின. குடியிருந்த குடும்பங்களில் பல அதற்குள் வீட்டுவசதிக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டிருந்தன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2001இல் நீக்கப்பட்டது. பாதுகாப்பு அறிவிப்பு காத்தது கட்டடத்தை, கடைக்காரரை அல்ல.

புதுச்சேரியோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அங்கே ஒயிட் டவுனில் பயணிகள் பார்ப்பது ஆள வந்தவர்களின் தெரு. சிராங்கூனில் பார்ப்பது உழைக்க வந்தவர்களின் தெரு. உழைக்க வருவதும் இன்னும் நிற்கவில்லை. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, பேருந்து மோதி ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி இறந்ததைத் தொடர்ந்து லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டது. அதன்பின் இங்கே மது விற்பனைக்கும் பொது இடத்தில் குடிப்பதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன.

2015 மே மாதம் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. நுண்ணிய சிற்பங்கள் நிறைந்த செட்டிநாட்டு நிலைவாசல் ஒன்று அங்கே காட்சிக்கு உண்டு. சற்றுத் தள்ளி, பஃபலோ சாலைக் கடைகளில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் இத்தெருக்களை நிறைப்பவர்கள் பயணிகள் அல்லர். வார விடுமுறைக்கு வரும் தமிழ்நாட்டு, வங்கதேசத் தொழிலாளர்கள்.