மலையடியில் நின்று காணும் வரலாறு

கோட்டைகளையும் பழங்கோயில்களையும் காண விரும்புவோரில் முதியோரும், மூட்டுவலி உள்ளோரும், சக்கர நாற்காலியில் செல்வோரும் உண்டு. இவர்களுக்குப் படிக்கட்டே முதல் தடை. பள்ளிச் சுற்றுலாவிலும் நடக்க இயலாத மாணவர் பேருந்திலேயே அமர்ந்துவிட நேர்கிறது. திருவண்ணாமலை வட்டாரத்தில் அடிவாரத்திலிருந்தே எவ்வளவு வரலாற்றைக் காணலாம், எங்கே வழி தடைபடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அடி அண்ணாமலை

மலையின் மேற்குப் புறத்தில், கிரிவலப் பாதையில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலை, அணி அண்ணாமலை என்றும் இவ்வூரை அழைப்பர். ஆதி அருணாசலேசுவரர் கோயிலும் மாணிக்கவாசகர் கோயிலும் இங்குள்ளன. திருவெம்பாவையை மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் பாடினார் என்பது மரபு.

சுமார் 814 மீட்டர் உயரமுள்ள இம்மலையே சிவனாக வணங்கப்படுகிறது. ஆகவே மலை ஏறுவதைவிட அதனை வலம்வருவதே இங்குச் சிறப்பு. ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள பாதையை ஒட்டி இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் உள்ளன. நடக்க இயலாதோர் சாதாரண நாட்களில் ஆட்டோவில் சுற்றி வரலாம். பௌர்ணமியன்று கூட்டமும் வாகனக் கட்டுப்பாடும் இருப்பதால் அந்நாளைத் தவிர்ப்பது நல்லது.

ரமணர் வாழ்ந்த விருபாட்ச குகைக்கும் கந்தாசிரமத்திற்கும் மலையேற வேண்டும். ஆனால் 1922இல் அவர் தாயார் மறைந்தபின் உருவான ரமணாசிரமம் அடிவாரத்திலேயே உள்ளது.

அண்ணாமலையார் கோயில்

217 அடி உயரமும் 11 நிலைகளும் கொண்ட இராஜகோபுரத்தைத் தெருவில் நின்றே காணலாம். கிருஷ்ணதேவராயர் தொடங்கிய இப்பணி, தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் காலத்தில் நிறைவுற்றது. உள்ளே செல்வோர்க்கு உயர்ந்த வாசற்படிகளும், நண்பகலில் சுடும் கருங்கல் தரையும் இடையூறு. பாதாள லிங்கத்தைக் காணப் படியிறங்க வேண்டும். காலை வேளையே ஏற்றது.

செஞ்சியும் வேலூரும்

கோட்டைகளில் படியும் செங்குத்தும் தற்செயலானவை அல்ல. பகைவரைத் தடுக்கவே அவ்வாறு கட்டினர். திருவண்ணாமலைக்குக் கிழக்கே உள்ள செஞ்சியின் இராஜகிரி சுமார் 800 அடி உயரமுடையது. 1677இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டையைப் பின்னர் முகலாயப் படை முற்றுகையிட்டு, 1698இல்தான் பிடித்தது. உச்சி எட்டாதவர்க்கும் இழப்பு முழுமையானதன்று. கலியாண மகால், நெற்களஞ்சியம், வேங்கடரமணர் கோயில் ஆகியன கீழேயே உள்ளன. 2025இல் செஞ்சி, மராத்தியர் கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

வேலூர்க் கோட்டை வேறு வகை. உயரத்தை நம்பாமல் அகழியை நம்பிச் சமதளத்தில் கட்டப்பட்டது. சலகண்டேசுவரர் கோயிலும் 1806 சிப்பாய்ப் புரட்சி நிகழ்ந்த இடமும் அதனுள்ளேயே இருப்பதால், நடக்கச் சிரமப்படுவோர்க்கு இதுவே எளியது.

சட்டமும் சின்னங்களும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுக் கட்டடங்களை அனைவரும் அணுகத்தக்கதாக்க வேண்டும் என்கிறது. அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரையாக இருத்தல் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. எனினும் பழங்கல்லை இடித்துச் சாய்தளம் கட்டினால் சின்னமே சிதையும். கல்லைத் துளைக்காமல், தேவையானபோது எடுத்துவிடக்கூடிய மரச் சாய்தளம் இதற்கு ஒரு வழி. ஏதென்சு நகரின் அக்ரோபோலிசில் 2020இல் புதிய மின்தூக்கி அமைத்திருப்பது, குன்றின்மேலுள்ள சின்னத்திற்கும் வழி உண்டு என்பதற்குச் சான்று.

முடிவுரை

எல்லா உச்சிக்கும் எல்லாரும் செல்ல இயலாது. ஆனால் எத்தனை படி, எங்கே சாய்தளம், எங்கே அமரலாம் என்பதை நுழைவாயிலிலேயே எழுதி வைக்கலாம். மேலே உள்ளவற்றின் படங்களைக் கீழே வைக்கலாம். சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் முன்னதாகவே இவற்றைக் கேட்டறிந்தால், எந்த மாணவரும் பேருந்தில் காத்திருக்க வேண்டியதில்லை.