பரிசுத்தமாகுதல்: வடதிருநெல்வேலியில் ஒரு கோட்பாடும் அதன் சொல்லும்

ஒரு சமயக் கோட்பாடு வேற்று நாட்டிற் புகுங்கால் அந்நாட்டு மொழியில் முன்பே வழங்கும் சொற்களைக் கொண்டே தன்னை விளக்க வேண்டியுள்ளது. அச்சொற்களோ வெறுமையானவை அல்ல. மக்கள் பன்னெடுங்காலம் வாழ்ந்த வாழ்க்கையின் சுவடுகளைத் தாங்கியவை. கிறித்தவ இறையியலில் 'பரிசுத்தமாகுதல்' எனப்படும் கோட்பாடு தமிழகத்திற் பெற்ற வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதியை மையமாகக் கொண்டு அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. இப்பகுதி கி. பி. 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதன்பின் இராமநாதபுரம் மாவட்டத்துள் அடங்கி, 1985-இல் விருதுநகரைத் தலைமையாகக் கொண்ட மாவட்டத்தின் பகுதியாயிற்று. சமயத் தொண்டர்களின் பழைய ஏடுகள் இதனை 'வடதிருநெல்வேலி' எனச் சுட்டுதற்குக் காரணம் இதுவே.

1. சொல்லும் பொருளும்

எபிரேய மொழியில் 'காதோஷ்' என்னும் சொல் வேறுபிரித்து இறைவனுக்கென வைக்கப்பட்டதனைக் குறிக்கும். கிரேக்கத்தில் 'ஹகியாஸ்மோஸ்' என்பது அவ்வாறு இறைவனுக்கு உரியவராக ஆக்கப்படும் நிலையாகும். எனவே, இக்கோட்பாட்டின் வேர்ப்பொருள் அழுக்கு நீங்குதல் அன்று. உரிமை மாறுதல் என்பதே. தனக்கு உரியனாய் இருந்தவன் இறைவனுக்கு உரியனாகின்றான்; அவ்வுரிமைக்கேற்ப அவன் ஒழுக்கம் மாறுகின்றது.

இதனை விளக்குவதில் மேலைச் சபைகள் தம்முள் வேறுபட்டன. 1547-இல் திரெந்து சங்கம், நீதிமானாக்கப்படுதலிலேயே அகப்புதுமையும் பரிசுத்தமாகுதலும் அடங்கும் என வரையறுத்தது. சீர்திருத்தச் சபையார் இரண்டனையும் வேறு வேறாகப் பிரித்து, முன்னது இறைவன் வழங்கும் தீர்ப்பு என்றும், பின்னது வாழ்நாள் முழுதும் தொடரும் வளர்ச்சி என்றும் கொண்டனர். யோவான் வெசுலியார் இம்மையிலேயே அன்பு நிறைவு எய்தலாகும் என வாதிட்டார். 1875-இல் தொடங்கிய கெசுவிக்குக் கூட்டங்கள், முயற்சியைக் காட்டிலும் தன்னை முற்றும் ஒப்படைத்தலையே வற்புறுத்தின.

தமிழில் இக்கருத்து இருவேறு வழிகளிற் புகுந்தது. கத்தோலிக்கர், தூயோரை 'அர்ச்சியசிஷ்டர்' என்றனர். வணங்கத்தகும் சான்றோர் என்பது அதன் குறிப்பு. சீர்திருத்தச் சபையாரோ 'பரிசுத்தவான்கள்' என்றனர். 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பால் 'பரிசுத்தமாகுதல்' என்னும் ஆட்சி எங்கும் பரவியது. ஆயின், 'பரிசுத்தம்' என்பது முற்றிலும் தூய்மையானது எனப் பொருள்படுமேயன்றி, ஒருவருக்கு உரியதாக்கப்பட்டது எனப் பொருள்படாது. வேர்ப்பொருளின் சிறந்த பாதி இங்ஙனம் மறைந்தது. அன்றியும், சுத்தம், தீட்டு என்னும் சொற்கள் தமிழ்நாட்டில் பிறப்பையும் உணவையும் தொடுகையையும் பற்றி வழங்கியவை. இழிந்த பிறப்பினர் எனத் தம்மை ஒதுக்கிய சொல்லின் இனமான ஒரு சொல்லாலேயே தம் மீட்பின் பயனை எளியோர் அறிய நேர்ந்தது.

இவ்விடர்க்கு மாற்றும் தமிழிலேயே இருந்தது. வள்ளுவர், புறந்தூய்மையை நீரொடும் அகந்தூய்மையை வாய்மையொடும் இயைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரோ, திருப்பல்லாண்டில், பழைய குலத்தை விட்டு இறைவனின் தொண்டர் குலத்தில் வந்து கூடுமாறு அடியாரை அழைக்கின்றார். உரிமை மாறுதலே தூய்மை என்னும் கருத்துக்கு இதனினும் அணுக்கமான தமிழாட்சி அரிது. இரு சமயக் கொள்கைகளும் ஒன்றே என்பது எம் கருத்தன்று. சொல் இருந்தும் எடுத்தாளப்படவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

2. அருளப்பனும் கிறித்தியான்பேட்டையும்

யோவான் கிறித்தியான் அருளப்பன் 1810-இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் இரேனியுசு ஐயரிடம் பயின்றவர். இரேனியுசு, தம் கல்விக்கூடத்து மாணவர் சாதி வேறுபாடின்றி உடனுண்ண வேண்டும் என வற்புறுத்தியவர். 1833-இல் இந்தியா போந்த அந்தோனி நாரிசு குரோவ்சு என்பாரின் தொடர்பும் அருளப்பனுக்கு வாய்த்தது. நிலையான ஊதியத்தை நாடாது இறைவனையே நம்பி ஊழியஞ் செய்தல் குரோவ்சின் கொள்கை.

அருளப்பன், 1840-ஐ ஒட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்கு வடக்கே வத்திராயிருப்புப் பகுதியிற் குடியேறினார். நிலம் பெற்றுக் குடிகளை அமர்த்தி, கிறித்தியான்பேட்டை என்னும் சிற்றூரை அமைத்தார். அயல்நாட்டுச் சங்கங்களின் சம்பளத்தை அவர் ஏற்றிலர். இதனால் தூய வாழ்வு என்பது இங்குப் பொருளியல் வடிவம் ஒன்றினையும் பெற்றது: உழைத்து உண்ணலும், பிறர் கைப்பொருளுக்கு அடிமைப்படாமையும் அதன் கூறுகளாயின.

இதே வட்டாரத்தில், 1854 முதல், தாமசு இராக்லண்டு ஐயர் வேறொரு முறையை மேற்கொண்டார். கேம்பிரிட்சுக் கல்லூரி ஒன்றின் உறுப்பினராய் இருந்த அவர், கூடாரம் அமைத்து ஊர்தோறும் சென்று உபதேசித்தார். ஃபென், மெடோசு என்போர் அவருக்குத் துணைநின்றனர். தென்திருநெல்வேலிச் சபைகள் தம் உபதேசியாரை மாறி மாறி அனுப்பி உதவின. இராக்லண்டு 1858-இல் சிவகாசியில் இறந்தார். இவ்விருவர் முறைகளும் வேறாயினும், போதகனின் வாழ்க்கையே போதனையின் முதற்சான்று என்பதில் அவை ஒன்றுபட்டன.

3. 1860-இன் எழுப்புதல்

1860-இல் அருளப்பனின் சபையில் ஓர் எழுப்புதல் தோன்றித் திருநெல்வேலிப் பகுதிகளிற் பரவிற்று. மக்கள் அழுது தம் குற்றங்களை வெளிப்பட அறிக்கையிட்டனர். காட்சி கண்டோம் என்றும் ஆவியால் உரைத்தோம் என்றும் சிலர் கூறினர். சமயத் தொண்டருள் ஒரு சாரார் இதனை வரவேற்றனர். ஒரு சாரார் ஐயுற்றனர். அருளப்பனின் நாட்குறிப்புகளை இலாங்கு என்பார் 1939-இல் தொகுத்து வெளியிட்டமையால் இந்நிகழ்ச்சிகளைத் தமிழர் ஒருவரின் கண்கொண்டே காணும் வாய்ப்பு நமக்குளது.

கெசுவிக்குக் கூட்டங்கள் தொடங்குதற்குப் பதினைந்து ஆண்டுகட்கு முன்னரே இஃது நிகழ்ந்தது என்பது ஈண்டு நினையத்தக்கது. தூய வாழ்வு பற்றிய வேட்கை முழுதும் மேலைநாட்டு இறக்குமதி என்பார் கூற்று இதனால் வலியிழக்கின்றது. அருளப்பன் மேலையாரிடம் கற்றவரே. ஆயினும், எழுப்புதல் மூண்டது தமிழர் தலைமையில் அமைந்த ஒரு சிற்றூரில்.

எனினும், அதன் பயனை மிகைப்படுத்தலும் தகாது. அகத்தின் குற்றத்தை அறிக்கையிட்டவர் அனைவரும் குலத்தின் பெருமையையும் குற்றமெனக் கொண்டிலர். 1833-இலேயே தானியேல் வில்சன் அத்தியட்சர் சாதி வேறுபாட்டைச் சபைகள் அறவே கைவிடவேண்டும் எனக் கட்டளையிட்டிருந்தும், அவ்வேறுபாடு பின்னைய தலைமுறைகளிலும் நீங்கிற்றிலது. தனிமனிதன் தூய்மை கண்ணீரால் அளக்கப்பட்டது. சபையின் தூய்மையை அளக்கும் கோலாகிய பந்தியோ பலவிடத்தும் பழைய முறையிலேயே நின்றது.

4. முடிபு

வைணவக் குடியிற் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருட்டிணபிள்ளை, 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். தூய வாழ்வை ஒரு நிலையாகக் கொள்ளாது நெடும்பயணமாகக் காட்டும் பனியனின் கதையை அவர் தமிழ்க் காப்பிய மரபில் அமைத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1995-இன் பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம், 'பரிசுத்தவான்கள்' என்றிருந்த இடங்களில் 'இறைமக்கள்' என்றது. இறைவனுக்கு உரியோர் என்னும் வேர்ப்பொருள் அதன்கண் மீண்டும் விளங்கலாயிற்று.

ஒரு சொல்லைத் திருத்த நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன. அச்சொல் சுட்டும் வாழ்வைத் திருத்துதல் அதனினும் அரிது. வடதிருநெல்வேலிச் சபைகளின் பதிவேடுகள், நாட்குறிப்புகள், கல்லறை எழுத்துகள் ஆகியவற்றுள் தூய்மை குறித்த சொற்கள் எவ்வெப்பொருளில் ஆளப்பட்டன என்பதனைத் தமிழாய்வாளர் தொகுத்து ஆராய்தல் வேண்டும். 'பரிசுத்தம்' என எழுதியவர் யாரோடு உடனிருந்து உண்டனர் என்பதனையும் அவ்வாய்வு உடன் வினவுமாயின், கோட்பாட்டின் வரலாறும் மக்களின் வரலாறும் ஒருங்கே விளங்கும்.